பச்சை உடம்பு

அத்தியாயம் பதினொன்று

அம்மியில் சரக்கு அரைபடும் சத்தமும் திருகோணமலைக் குடாவுக்கு அக்கரையில் ஷெல் விழும் சத்தமும் அன்று காலையில் ஒன்றாகவே தொடங்கின. அன்னலட்சுமி முதலாவதை மட்டுந்தான் கவனித்தாள். மிளகு, சீரகம், உள்ளி, மஞ்சள் என்று எல்லாவற்றையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, முழுப் பலத்தையும் கையில் கொடுத்து அரைத்தாள்.

"பச்சை உடம்புக்காரி ஒருத்தி வீட்டில கிடக்கிறாள். ஷெல்லடிக்கிறவனுக்கு அது விளங்குமோ," என்று குசினிக்குள் இருந்தபடியே சொன்னாள்.

அந்தப் பச்சை உடம்புக்காரி பூரணி, அன்னலட்சுமியின் தம்பி குலசிங்கத்தின் பெண்சாதி. போன வார அத்தியாயத்தில் அவளைக் கொழும்பு பஸ்ஸிலிருந்து இறக்கி, ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றிக்குப் பக்கத்துத் தகரக் கொட்டிலுக்குள் கொண்டுபோன இடத்தில் விட்டுவிட்டு வந்தோம். பாவி மகள், எப்படியோ தப்பி வீடு வந்து சேர்ந்துவிட்டாள். ஆனால் அந்தக் கொட்டிலுக்குள் என்ன நடந்தது என்பது அவளுக்கும் அவளோடு கூடப் போன தங்கை புஷ்பவதிக்கும் மட்டுந்தான் தெரியும்.

வீட்டில் சொல்லியிருந்தது குடலிறக்கம் என்று. உண்மையில் பூரணி கொழும்பில் செய்துகொண்டு வந்தது, வயிற்றிலும் இடுப்பிலும் தொடையிலும் இருந்த கொழுப்பைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுக்கிற ஒப்பரேசன்.

ஏன் செய்தாள் என்று கேட்டால், குலசிங்கத்தின் கையில் இருப்பது கலியாணப் படம். கலியாணம் முடித்து ஒரு வருடத்தில் சுவிசுக்குப் போனவன், ஒன்பது வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் அவளைக் கூப்பிட்டிருக்கிறான். படத்தில் நிற்கிறவள் ஈர்க்கு மாதிரி. இங்கே இருக்கிறவளை அன்னலட்சுமி கண்ணுக்குள் வைத்துப் பார்த்தாள், சோற்றுக் கோப்பையை நிரப்பி நிரப்பியும் பார்த்தாள். தம்பி கூப்பிடும்வரைக்கும் தம்பி பெண்சாதிக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்பது அவள் பிடிவாதம். தெருவுக்கும் விடமாட்டாள். பிள்ளையும் இல்லை, வேலையும் இல்லை. உடம்பு வைக்காமல் என்ன செய்யும்? சாம்பல்தீவுப் பெண் ஒருத்தி பாரிசுக்குப் போய், புருசன் முகங்கொடுத்துக் கதைக்காமல் மூன்றே மாதத்தில் திரும்பி வந்த கதை பூரணியின் காதில் விழுந்த நாளிலிருந்து அவள் நித்திரை கொள்ளவில்லை.

"அன்னமச்சாளுக்குத் தெரிஞ்சா அவருக்கும் தெரியும். பிறகு நான் உயிரோட இருக்கமாட்டன்," என்று சொல்லி, கொழும்பில் தன் தலையில் தங்கையின் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அந்தச் சத்தியந்தான் இப்போது புஷ்பவதியின் வாயைப் பூட்டி வைத்திருந்தது.

ஷெல்லடியால் பள்ளிக்கூடம் பூட்டு. முன்பள்ளி ரீச்சரான புஷ்பவதிக்கு வீட்டில் நிற்க வேண்டியதாயிற்று. அக்காவின் அறைக் கதவைச் சாத்திவிட்டு அவள் அலுமாரியைத் திறந்தாள். அடுக்கி வைத்த சீலைகளுக்குக் கீழே கையை விட்டு, மார்புக்குக் கீழிருந்து முழங்கால்வரை வருகிற, ஒப்பரேசனுக்குப் பிறகு போடக் கொடுத்த இறுக்க உடுப்பை எடுத்தாள்.

"அக்கா, இதைப் போடு."

"ஏலாது."

"ராப்பகலாப் போட்டிருக்கச் சொல்லி டொக்டர் சொன்னவர். போடாட்டி நீர் கட்டும், வீங்கும். நீயும் கேட்டுக்கொண்டுதானே இருந்தனீ."

"அந்தப் பொலிஸ்காரி கையை வச்ச மாதிரி உன்ர இடுப்பில ஆரும் வச்சிருந்தா நீ இப்பிடிக் கதைக்கமாட்டாய்," என்றாள் பூரணி.

புஷ்பவதியும் அன்று பக்கத்தில் நின்று கண்டவள்தான். சென்றியில் உடம்பு தடவிப் பார்த்த பொலிஸ்காரியின் கை, சீலைக்குக் கீழே இறுக்கமாக எதையோ தொட்டதும் அப்படியே நின்றுவிட்டது. அவள் பின்னுக்குப் பாய்ந்து கத்தினாள். துவக்குகள் நிமிர்ந்தன. பஸ்ஸில் இருந்த சனமெல்லாம் தரையில் படுத்துவிட்டது. இடுப்பில் எதையோ கட்டிக்கொண்டு வருகிற பெண் என்றால் அந்த நாளில் யாருக்கும் ஒரே ஒரு நினைப்புத்தான் வரும். தகரக் கொட்டிலுக்குள் மூன்று பேருக்கு முன்னால் எல்லாவற்றையும் அவிழ்த்துக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். அன்று கழற்றிய உடுப்பைப் பூரணி திரும்பப் போடவேயில்லை.

"இண்டைக்கு ஆமிச் சுற்றிவளைப்பு வந்தாலும் வரும். நான் போடமாட்டன்," என்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சரி, எழும்பி நடக்கவாவது செய். அறைக்குள்ளயே கொஞ்சம் நட."

கொழும்பு டொக்டர் நல்ல மனுசன். ஒப்பரேசனுக்கு முதலும் பிறகும் இரண்டு பேரையும் இருத்தி வைத்து, விளங்கிவிட்டதா என்று திருப்பிச் சொல்லவும் வைத்தார். முதல் இரண்டு மூன்று நாள் துளைகளால் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் வடியும், பயப்பட வேண்டாம். நீலம் பூத்துப் பிறகு மஞ்சளாகும். தோல் விறைத்து, வேறு யாருடையதோ போல இருக்கும். மெலிந்ததாகத் தெரியாது, முதலில் வீக்கந்தான் தெரியும், அதைக் கண்டு அழக்கூடாது, உருவம் தெரிய மாதக்கணக்காகும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். முக்கியமாக, படுத்துக் கிடக்கக்கூடாது. வீட்டுக்குள்ளேயாவது நடந்துகொண்டிருக்க வேண்டும். இரத்தம் கட்டி ஒரு கால் மட்டும் நொந்து வீங்கினாலோ, அது கழன்று நெஞ்சுக்குப் போய் மூச்சு முட்டினாலோ ஒருவரையும் பார்த்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஒரு கிழமையாவது கொழும்பில் நில்லுங்கள் என்றும் சொன்னார். அதுதான் நடக்கவில்லை. இவர்கள் தங்கிய லொட்ஜில் திருகோணமலை அடையாள அட்டையோடு இருந்தவர்களைப் பொலிஸ் ஏற்றிக்கொண்டு போனது. றோட்டும் எந்த நேரமும் பூட்டுப்படலாம் என்றார்கள். அரைகுறையில் எழும்பி, பஸ்ஸில் நாள் முழுக்கக் குந்தியிருந்து வந்து சேர்ந்தார்கள்.

பூரணி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவாறு எழுந்து நின்றாள். அந்த நேரம் பார்த்து அன்னலட்சுமி கதவைத் திறந்தாள்.

"என்ன செய்யிறியள் ரெண்டு பேரும்?"

"கொஞ்சம் நடக்கட்டுமெண்டு..." என்றாள் புஷ்பவதி, உடுப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி.

"நடக்கிறதோ? குடலை வெட்டி உள்ளுக்கு வச்சுத் தைச்சுக் கிடக்கு. தையல் விட்டா குடல் கையிலதான் வரும். உனக்குப் பிள்ளைப்பேறும் தெரியாது, ஒப்பரேசனும் தெரியாது, நீ கதைக்காத." பூரணியைத் தோளில் பிடித்துப் படுக்க வைத்து, காலை நீட்டிவிட்டாள். கையிலிருந்த சின்ன மூக்குப் பேணியை நீட்டினாள். "சரக்குத்தண்ணி. இதைக் குடி. பச்சைத்தண்ணி வாயில படக்கூடாது. புண் சீழ் பிடிக்கும்."

"நாக்கு வறளுது மச்சாள்."

"வறண்டா வறளட்டும். நான் பிள்ளை பெத்த இருபது பேரைப் பார்த்தெடுத்தவள்."

உண்மையும் அதுதான். அந்த மனையாவெளி ஒழுங்கை வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் வைக்கவும், சுளுக்கு விழுந்தவர்களுக்கு உருவிவிடவும் அன்னலட்சுமியைத்தான் கூப்பிடுவார்கள். அவள் கைப்பிடிக்கு அவ்வளவு பேர். இளம் வயதில் தாலி அறுத்தவள், இந்தத் தம்பி குடும்பத்துக்காகவே இருக்கிறாள். அவள் செய்வது எல்லாம் அன்பில் செய்வது. அதுதான் புஷ்பவதிக்குப் பயமாக இருந்தது. கெட்டவளாக இருந்தால் சண்டை பிடிக்கலாம்.

குடலிறக்கம் என்று சொன்ன பொய்யே அக்காவைக் கட்டிலோடு கட்டிப் போட்டிருக்கிறது என்பது அவளுக்கு விளங்கியது. இரண்டு நாளாக இதே கதைதான். நடக்க எழுப்பினால் அன்னக்கா படுக்க வைப்பாள், தண்ணீர் கொண்டுவந்தால் வாங்கி ஊற்றிவிடுவாள்.

பத்து மணிபோல குலசிங்கத்தின் டெலிபோன் வந்தது. பூரணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து விறாந்தைக்கு வந்தாள். அதற்கு மட்டும் அன்னலட்சுமி அனுமதி கொடுத்தாள்.

"ஓம், சுகம்... ஓம், மச்சாள் நல்லாப் பார்க்கிறா... இல்லை, நோகேல்லை... கொஞ்சம் மெலிஞ்சிட்டன் போல," என்று பூரணி சொன்னபோது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஒன்பது வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் புஷ்பவதி கண்டதில்லை. அவளுக்கு அழுகை வந்தது.

பிறகுதான் கவனித்தாள். அக்கா முழுப் பாரத்தையும் வலது காலில் போட்டு நிற்கிறாள். இடது கால் விரல் நுனியில் மட்டும் நிலத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"காலுக்கு என்ன?" என்று அறைக்குள் வந்ததும் கேட்டாள்.

"விறைச்சுப் போச்சு. படுத்தே கிடந்தது தானே."

"நோகுதோ?"

"இல்லை."

"அக்கா, என்னைப் பார்த்துச் சொல்லு. கெண்டைக்கால் நோகுதோ?"

"இல்லையெண்டா இல்லை. சும்மா கிளறாத புஷ்பம், உன்ர வாயாலதான் எல்லாம் கெடப்போகுது," என்று பூரணி போர்வையை இழுத்துக் காலை மூடினாள்.

புஷ்பவதி அந்தப் போர்வையை அப்போதே இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல வேண்டி வரும், சொன்னால் சத்தியம் முறியும் என்ற பயம். நோகவில்லை என்று அவளே சொல்கிறாள்தானே என்று தன் மனதுக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மத்தியானம் கடந்ததும் ஷெல் சத்தம் கூடியது. யன்னல் கண்ணாடி விட்டு விட்டு அதிர்ந்தது. துறைமுகப் பக்கமிருந்தும் திருப்பி அடிக்கத் தொடங்கினார்கள். பின்னேரம் வெள்ளனவே ஊரடங்காம் என்று ஒழுங்கையில் கதை வந்தது.

"ஓடிப்போய் பாணும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு வா. பிறகு கடை இராது," என்று அன்னலட்சுமி அவளை அனுப்பினாள்.

சந்திக் கடையில் சனம் நெருக்கியடித்தது. ஒருவரும் உரத்துக் கதைக்கவில்லை. பாணுக்காக நின்ற நேரத்தில் அம்புலன்ஸ் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகப் பெரியாஸ்பத்திரிப் பக்கம் போயின. அவற்றுக்குப் பின்னால் ஒரு மீன் லொறி. அதிலும் ஆட்களைத்தான் கிடத்தியிருந்தார்கள். மணல்மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற ஆமிக்காரன் முள்ளுக்கம்பிச் சுருளைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டிருந்தான். றோட்டு மூடப்போகிறான் என்று புஷ்பவதிக்கு விளங்கியது. பாண் கிடைத்ததும் மண்ணெண்ணெய்க்கு நிற்காமல் வீட்டுக்கு ஓடினாள்.

வாசலிலேயே சுடவைத்த நல்லெண்ணெய் மணத்தது.

அறைக்குள் பூரணியின் இடது கால் அன்னலட்சுமியின் மடியில் கிடந்தது. முழங்காலுக்குக் கீழே பனங்குற்றி மாதிரி வீங்கி, தோல் சிவந்து மினுங்கியது. மற்றக் காலோடு பார்த்தால் இரண்டும் ஒருத்தியின் கால் என்று சொல்ல ஏலாது. அன்னலட்சுமி இரண்டு கைப் பெருவிரலையும் கெண்டைக்காலில் ஊன்றி, மேல்நோக்கி அழுத்தி அழுத்தி உருவிக்கொண்டிருந்தாள். பூரணி தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

"வாயு இறங்கிக் கிடக்கு. காலமையே சொல்லியிருந்தா இவ்வளவுக்கு வந்திராது," என்றாள் அன்னலட்சுமி, கையை நிறுத்தாமல்.

பாண் எங்கே விழுந்தது என்று புஷ்பவதிக்குத் தெரியாது. அவள் பாய்ந்து அன்னலட்சுமியின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தாள். எண்ணெயில் பிடி வழுக்கியது.

"விடுங்கோ அன்னக்கா. உருவாதேங்கோ. தொடாதேங்கோ."

"என்னடி, பைத்தியமோ உனக்கு?"

"அது வாயு இல்லை. ரத்தம் கட்டுப்பட்டிருக்கு. உருவினா அது கழண்டு நெஞ்சுக்குப் போயிடும்."

"ஆர் சொன்னது?"

"கொழும்பு டொக்டர் சொன்னவர்."

"குடலிறக்கத்துக்கும் காலுக்கும் என்ன?"

புஷ்பவதி அக்காவைப் பார்த்தாள். பூரணி தலையை ஆட்டினாள், வேண்டாம் வேண்டாம் என்று. கண்ணால் கெஞ்சினாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லப் புஷ்பவதிக்கு மனம் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"குடலிறக்கம் இல்லை அன்னக்கா. அக்கா கொழுப்பெடுத்தவ. வயித்திலயும் இடுப்பிலயும் குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தது. அத்தான் கண்டு வேண்டாமெண்டு சொல்லுவாரெண்ட பயத்தில. நடக்கச் சொன்னவங்கள், தண்ணி குடிக்கச் சொன்னவங்கள். நான்தான் உங்களிட்டச் சொல்லேல்லை. சொல்லக்கூடாதெண்டு சத்தியம்."

அக்கரையில் இன்னொரு ஷெல் விழுந்து யன்னல் அதிர்ந்தது. அன்னலட்சுமி எண்ணெய்க் கையை நெஞ்சுக்கு நேரே தூக்கி வைத்தபடி அப்படியே இருந்தாள். பூரணி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள்.

"என்ர கையால போட்ட சோறெல்லோ," என்றாள் அன்னலட்சுமி கடைசியில். "அதையோ குழாய் விட்டு எடுத்தவங்கள்?"

புஷ்பவதி அக்காவின் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்தாள்.

"அன்னக்கா, இப்ப கதைக்க நேரமில்லை. றோட்டு மூடப்போறான்."

"அது எனக்குத் தெரியும். ஸெய்னுதீனைக் கூப்பிடு," என்று அன்னலட்சுமி எழுந்து, எண்ணெயைத் தன் சீலையிலேயே துடைத்தாள். "காலை அசைக்காமத் தூக்குவம்."

ஒழுங்கை முகப்பில் இருக்கிற ஓட்டோக்கார ஸெய்னுதீன் நானா, வண்டியைப் படங்குபோட்டு மூடிவிட்டு உள்ளே போகப் பார்த்துக்கொண்டு நின்றார். புஷ்பவதி சொன்னதை அரைவாசி கேட்டதுமே படங்கைக் கழற்றி எறிந்தார்.

"ஏறுங்க புள்ள. திரும்பி வர ஏலாட்டி ஆஸ்பத்திரி வாசல்ல படுப்பம்."

ஓட்டோவுக்குள் பூரணியைக் குறுக்காகக் கிடத்தி, தலையைத் தங்கையும் காலை அன்னலட்சுமியும் மடியில் வைத்துக்கொண்டார்கள். அன்னலட்சுமி அந்தக் காலைத் தொடாமல், கைகளை இரண்டு பக்கமும் அணையாக வைத்திருந்தாள்.

சந்திச் சென்றியில் முள்ளுக்கம்பி தெருவை மறித்துக் கிடந்தது. ஆமிக்காரன் துவக்கு முனையால் இறங்கு என்று காட்டினான். அன்னலட்சுமி இறங்கவில்லை. சந்தையில் பழகிய இரண்டு சிங்களச் சொல்லை வைத்துக்கொண்டு, "லெடா மாத்தயா, ஹரி அமாருய்," நோயாளி, சரியான வருத்தம் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பொலிஸ்காரி ஒருத்தி வந்து குனிந்து, பூரணியின் இடுப்பில் கையை வைத்தாள். பூரணியின் உடம்பு விறைத்ததைப் புஷ்பவதி தன் மடியில் உணர்ந்தாள். இன்று அங்கே இறுக்கமாக ஒன்றும் இல்லை. பொலிஸ்காரி காலைப் பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள், போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

கம்பி விலகியதும் பூரணி வாயைத் திறந்தாள்.

"புஷ்பம், ஆஸ்பத்திரியில குடலிறக்கமெண்டே சொல்லு."

"அக்கா..."

"அங்க அக்கரைச் சனம் கையில்லாமக் காலில்லாமக் கிடக்கும். அதுகளுக்கு நடுவில நான் கொழுப்பெடுத்தனான் எண்டு சொல்லி என்னைக் கிடத்தாத. சாகிறதெண்டாலும் பரவாயில்லை, அதை மட்டும் சொல்லாத."

மடியில் கிடந்த தலை கொதித்தது. ஒரு வசனத்துக்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினாள். புஷ்பவதி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு சத்தியத்தை முறித்து இன்னும் ஒரு மணித்தியாலம் ஆகவில்லை.

பூரணி சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரி விறாந்தை முழுக்கப் பாய். பாய் முழுக்க ஆட்கள். இரத்தமும் டெற்றோலும் கலந்த மணம். ஒரு தாய் தன் பிள்ளையின் கட்டுப்போட்ட கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, போகிற வருகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸெய்னுதீனும் அன்னலட்சுமியும் பூரணியைத் தூக்கிவந்து, ஒருவர் எழும்பிவிட்ட நீள மர வாங்கில் கிடத்தினார்கள்.

வெள்ளைக் கோட்டு முழுக்கக் கறையோடு ஓடிவந்த இளம் டொக்டர்ப் பிள்ளை, காலைப் பார்க்காமலே கேட்டாள்.

"ஷெல் காயமோ?"

"இல்லை. கால் வீக்கம். ஒப்பரேசன் செய்து சில நாள்," என்றாள் புஷ்பவதி.

"என்ன ஒப்பரேசன்?"

புஷ்பவதி அக்காவைக் குனிந்து பார்த்தாள். பூரணி அவள் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். கட்டுப்போட்ட பிள்ளையின் தாய் நிமிர்ந்து இவர்களையே பார்த்தாள்.

"என்ன ஒப்பரேசன் எண்டு கேட்டனான். கெதியாச் சொல்லுங்கோ, எனக்கு நேரமில்லை."

"கொழுப்பெடுத்தது, மகள்," என்றாள் அன்னலட்சுமி. விறாந்தைக்கே கேட்கும்படிதான் சொன்னாள். "வயித்தில, இடுப்பில, தொடையில. கொழும்பில. நடக்கச் சொன்னவங்களாம், நான் நடக்க விடேல்லை. தண்ணி குடுக்கச் சொன்னவங்களாம், நான் குடுக்கேல்லை. குடலிறக்கமெண்டு நினைச்சுப் பத்தியம் பார்த்தனான்."

பூரணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். டொக்டர்ப் பிள்ளை அப்போதுதான் முழந்தாளிட்டுக் காலைப் பார்த்தாள். மெல்லத் தொட்ட விரலை உடனே எடுத்தாள். விரல் மினுங்கியது.

"இது என்ன, எண்ணெயோ?"

"ஓம்."

"காலை உருவினதோ? ஆர்?"

"நான்தான்."

"எவ்வளவு நேரம்?"

அன்னலட்சுமி தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். பிள்ளை பெற்ற இருபது பேரைப் பார்த்தெடுத்த கைகள்.

"நோகுது மச்சாள், விடுங்கோ எண்டு அழும் வரைக்கும்," என்றாள். "பிறகும் கொஞ்ச நேரம்."

டொக்டர்ப் பிள்ளை எழுந்து ஒட்சிசன், ஒட்சிசன் என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே ஓடினாள். வாங்கில் கிடந்த பூரணி முகத்திலிருந்து கையை எடுத்து நெஞ்சில் வைத்தாள். எதையோ சொல்ல வாயைத் திறந்தாள், சொல்ல முடியாமல் இருமத் தொடங்கினாள்.